கால் இல்லாத மரச்சாமான்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, என் கண்ணுகளா. கதவோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் நகர்ந்து வரட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு சின்னக் கிதார் வாங்கின கதையைச் சொல்லப் போகிறேன். அதில் என்ன கதை, கடைக்குப் போனோம், காசைக் கொடுத்தோம், தோளில் மாட்டிக்கொண்டு வந்தோம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நல்ல மனசு உங்களுக்கு. படிவம் நிரப்பிப் பழக்கமில்லாத மனசு. அது அப்படியே இருக்கட்டும், கதையை மட்டும் கேளுங்கள்.

கை கால் விளங்காமல் போனவர்களைத் திரும்ப நடமாட வைக்கிற ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. நாலு மாடி. இரண்டு மாடிகளில் நோயாளிகள், இரண்டு மாடிகளில் நோயாளிகளைப் பற்றிய காகிதங்கள். காகிதங்கள் இருந்த மாடிகளில் மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

அங்கே நோயாளிகளின் கைவிரல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய பதவியின் பெயர் பலகையில் இரண்டு வரிக்கு நீளும். அவ்வளவு நீளத்துக்கு யாருக்கும் மூச்சு இல்லாததால் எல்லோரும் அவளை விரல் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

விரல் டீச்சரிடம் ஒரு பஸ் டிரைவர் வந்து சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் மொத்தமும் போய், கால் மட்டும் ஒருவழியாகத் திரும்பி வந்திருந்தது. இடது கை வரவில்லை. விரல்கள் நாலும், யாரோ பத்திரமாக வைத்திரு என்று கொடுத்த சில்லறையைப் பிடித்திருப்பது போல உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. பெரிய டாக்டர் பிரித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"இந்த ஆறு வாரத்துக்குள்ள விரலை வேலை வாங்கிட்டா பொழைச்சுக்கும். விட்டுட்டா இப்படியே இறுகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வாரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்கு நாற்பத்திரண்டு நாள்தான் கெடு. நாற்பத்து மூன்றாம் நாள் ஆள் குணமாகிவிட்டதாகப் பதிவேடு சொல்லிவிடும். அதற்கப்புறம் அவருக்குக் கை வரவில்லை என்றால் அது அவருடைய சொந்த விஷயம்.

விரல் டீச்சர் துணி காயப்போடும் கிளிப்புகளை ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்து வைத்தாள். ஒவ்வொன்றாக அமுக்கிக் கம்பியில் மாட்ட வேண்டும், அதுதான் பயிற்சி. டிரைவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"ஏன் டீச்சர், உங்க வீட்டுத் துணி எல்லாம் காயப் போட்டாச்சா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"அண்ணே, இது விரலுக்குத்தான்."

"விரலுக்கும் கொஞ்சம் மரியாதை வேணாமா? முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்ச கை இது."

அவருடைய மனைவி பக்கத்துத் தெருவில் செருப்பு, பை ரிப்பேர் கடை வைத்திருந்தாள். மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். அவள்தான் ஒரு நாள் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, சொன்னா சிரிக்கக் கூடாது. கல்யாணமான புதுசுல இது கிதார் வாசிக்கும். நல்லா வாசிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா விடாம வாசிக்கும். இப்ப மத்தியானம் கண்ணசந்தா என் மணிக்கட்டைத் தேடிப் பிடிச்சு, அந்த மடங்கிப் போன விரலால அழுத்திப் பார்க்குது. கிதார் கழுத்துன்னு நினைப்பு போல."

"விரல் அசையுதா?"

"ரெண்டாவது விரல் அசையுது. நான் மூச்சு விடாம உட்கார்ந்திருக்கேன், கலைஞ்சிடக் கூடாதுன்னு."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தானே அசைய நினைக்கிற விரல் கிடைப்பது அவள் தொழிலில் புதையல் கிடைப்பது மாதிரி. அன்று சாயங்காலமே வாத்தியக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெரிய கிதார் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார். அதன் வயிற்றைச் சுற்றிக் கை போவதற்குள் தோள் காது வரைக்கும் ஏறியது.

"தோள் சரியில்லாத ஆளுக்கு இது ஆகாதும்மா" என்று அவரே அதைத் திரும்ப வாங்கி, மூலையிலிருந்து சின்ன உடம்புக் கிதார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதைப் பாருங்க. குழந்தை விளையாடறதுன்னு நினைச்சுடாதீங்க, பெரியவங்க வாசிக்கிறதுதான். மடியில அடக்கமா உட்காரும். கழுத்து குட்டையா இருக்கிறதால கம்பி அவ்வளவு விறைப்பா இருக்காது, விரல் மெதுவா அழுத்தினாலே போதும். விலையும் ஒண்ணும் பிரமாதம் இல்லை. மூணு ஜோடி நல்ல செருப்பு வாங்கற காசு."

அவளே அந்தக் காசைக் கொடுத்து வாங்கியிருக்கலாமே என்று உங்களில் ஒரு பிள்ளை கேட்கிறது, என் காதில் விழுகிறது. வாங்கலாம்தான். ஆனால் அந்த மருத்துவமனையின் பதிவேட்டில் இல்லாத பொருள் எதுவும் சிகிச்சைக்குப் பயன்படக் கூடாது. அவளுக்கு முன்னால் இருந்த டீச்சர் வீட்டிலிருந்து ஒரு ஸ்பாஞ்சுப் பந்து கொண்டு வந்தாள். அதற்காக மூன்று பக்க மெமோ வாங்கினாள், ஒன்பது பக்கம் பதில் எழுதினாள், எழுதி எழுதி மணிக்கட்டு வீங்கி அங்கேயே நோயாளியாகச் சேர்ந்தாள். சரி, டிரைவரின் சொந்தப் பொருளாகக் கொண்டு வரலாம் என்றால், சத்தம் போடுகிற உடைமை எதையும் நோயாளி வைத்துக்கொள்ளக் கூடாது. மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆக, மருத்துவமனைதான் வாங்கித் தர வேண்டும். டீச்சர் படிவத்தை நிரப்பிக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினாள். டிரைவருக்கு அது ஒன்பதாம் நாள்.

கொள்முதல் அதிகாரி தங்கமான மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். படிவத்தை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"எல்லாம் அழகா எழுதியிருக்கீங்கம்மா. ஒன்பதாவது கட்டம் மட்டும் காலியா இருக்கு."

"அது என்ன சார்?"

"பழைய கிதாரோட கண்டச் சான்று எண்."

கண்டம் செய்வது என்றால் அந்தக் கட்டிடத்தில், இந்தப் பொருள் இனி உதவாது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டு ஓரம் கட்டுவது. ஒரு பொருள் அப்படிக் கண்டமானால்தான் அதன் இடத்துக்குப் புதிது வாங்க முடியும்.

"பழைய கிதார் இல்லையே சார். இதுதான் முதல்."

அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முதல்னு ஒண்ணு இங்க கிடையாதும்மா. இந்த ஆபீஸ் புதுசா ஒரு பொருளையும் வாங்கினதே இல்லை. பழசுக்குப் பதில்தான் வாங்கியிருக்கோம். ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான்."

"அப்ப முதல் கட்டில் எப்படி சார் வந்துச்சு?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சும்மா."

"அதுக்கும் முன்னாடி?"

"எனக்கு முன்னாடி இருந்தவரும் அதையேதான் சொன்னார்." அவர் மேசையைத் தடவிக் கொடுத்தார். "இத்தனை வருஷத்துல ஒரு தப்புக் கூட நடந்ததில்லை இந்த மேசையில. ஏன் தெரியுமா? எதுவுமே நடந்ததில்லை. அந்தப் பேரைக் காப்பாத்தணும்னு நினைக்கிறேன். நீங்களும் ஒத்துழைக்கணும்."

டீச்சர் படி இறங்கும்போது அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது, முதல் கட்டில் எப்படித்தான் வந்திருக்கும் என்று. கீழே கிடங்குக்காரர் நின்றிருந்தார். இருபத்தாறு வருஷமாகக் கிடங்குச் சாவியைச் சுமப்பவர், அந்தக் கட்டிடத்து விதிகளுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியேற வழி தெரிந்த ஒரே ஆள்.

"ஒன்பதாம் கட்டமா?" என்றார், அவள் முகத்தைப் பார்த்ததுமே.

"ஆமாண்ணே. கிதாரே இல்லாத இடத்துல கெட்டுப்போன கிதாருக்கு நான் எங்க போவேன்?"

"வெளிய கிடைக்கும் தங்கச்சி. நல்லாக் கெட்டுப்போனதா ஒண்ணு வாங்குங்க. இங்க நன்கொடையாக் குடுங்க. நான் பதிவேட்டுல ஏத்தறேன். அப்புறம் அதைக் கண்டம் பண்ணுவோம். அதுக்குப் பதிலாப் புதுசு வரும்."

"இதுக்கு நேரா புதுசையே நன்கொடையாக் குடுத்துட்டா?"

"ஐயையோ!" கிடங்குக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நல்ல பொருளை யாராவது சும்மாக் குடுத்தா விசாரணை வரும். உதவாத பொருளுக்கு ஒரு கேள்வியும் கிடையாது."

மறுநாள் டீச்சர் பழைய சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாழ்நாளில் கேட்காத ஒரு பேரம் அன்று அங்கே நடந்தது.

"கெட்டுப்போன கிதார் இருக்கா?"

"கெட்டுப்போனதுன்னு ஏம்மா சொல்றீங்க? லேசா ஒரு வேலை பார்த்தா..."

"வேலை பார்த்தா சரியாகும்னா வேண்டாம்."

அவர் மூன்று நாலு சாமான்களை நகர்த்திச் சின்ன உடம்புக் கிதார் ஒன்றை உருவி எடுத்தார். பக்கத்தில் நீளமாக ஒரு விரிசல். கம்பிகளைத் தாங்கும் கட்டை பாதி பெயர்ந்து நின்றது. சுருதி திருகுகிற குமிழ்களில் இரண்டு காணோம். ஒரே ஒரு கம்பி தொங்கியது.

"இந்தக் கம்பி மட்டும் அருமையா இருக்கும்மா."

"அதை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா விலை குறைச்சுக் கேப்பீங்க."

"கூடவே தர்றேன், எடுங்க."

மூன்று ஜோடி செருப்பு விலை என்று தொடங்கிய கதை, ஒரு செருப்பு வார் விலையில் அன்று நின்றது. கையில் கிதார் வந்தது, கடைக்காரர் அவள் போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிடங்குப் பதிவேட்டில் இசைக்கருவி என்று ஒரு பக்கம் இல்லை. கட்டில் உண்டு, மெத்தை உண்டு, பாத்திரம் உண்டு, மரச்சாமான் உண்டு. மரச்சாமானில் நாலு கால் உள்ளவை, மூன்று கால் உள்ளவை, கால் இல்லாதவை என்று மூன்று பிரிவு. கிடங்குக்காரர் யோசித்து, "கால் இல்லாத மரச்சாமான், ஒன்று" என்று எழுதினார். பெயின்டர் வந்து, ஸ்டூலுக்கெல்லாம் போடுவது போலவே, அதன் நெஞ்சில் வெள்ளைப் பெயின்டில் இவ்வளவு பெரிய எண்ணைப் போட்டுவிட்டுப் போனார்.

"நாளைக்கே கண்டம் பண்ணிடலாமா அண்ணே?"

"நாளைக்கா? பொருள் பதினஞ்சு நாளாவது பயன்பாட்டுல இருக்கணும் தங்கச்சி. தினமும் யாரு பயன்படுத்தினா, என்ன பயன்னு எழுதணும். பயன்படாத பொருளைப் பயன்படாதுன்னு எப்படிச் சொல்றது?"

இப்படித்தான் பதின்மூன்றாம் நாள், செத்த கிதார் ஒன்று டிரைவரின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. பயன்பாட்டு ஏட்டில் டீச்சர் நேர்மையாக எழுதினாள். முதல் நாள்: பயன்படுத்தியவர் ஒருவர், பயன், பார்த்தார். இரண்டாம் நாள்: தட்டினார். மூன்றாம் நாள்: திட்டினார்.

நாலாம் நாள் டிரைவரின் மனைவி அதை மடியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுந்ததைப் பார்த்தால் சும்மா இருக்காத கை அவளுடையது.

"ஏங்க, இது என்ன பெரிய சமாச்சாரம்? அடி விட்ட பூட்ஸையே ஒட்டுறேன். இதை ஒட்ட மாட்டேனா?"

"அடியே, கழிச்சுக் கட்டப் போற பொருளு அது."

"அதுவரைக்கும் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே."

விரிசலில் மரப்பசையைக் குச்சியால் உள்ளே தள்ளினாள். பெயர்ந்த கட்டைக்கும் பசை வைத்து, மேலே கடையின் இரும்புச் செருப்பு அச்சைப் பாரமாக ஏற்றி, தையல் நூலைச் சுற்றி இறுக்கினாள். இரண்டு நாள் அசையாமல் கட்டிலுக்கடியில் கிடந்தது. வாத்தியக் கடையில் கம்பி வாங்கினாள். குமிழ் நாலுதான் இருந்தது, ஆகவே நாலு கம்பி. டிரைவர் வலது கையால் ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தார். சேர்த்துவிட்டு மீட்டிப் பார்த்தார்.

அந்த வார்டில் இருந்த பதினாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினாலு பேருக்கும் கழுத்து திரும்பும் என்பது அன்றைக்குத்தான் டீச்சருக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு டிரைவரைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. காலையில் பல் தேய்த்ததும் கிதாரை மடியில் இழுத்துக்கொள்வார். மடங்கிய கையை வலது கையால் தூக்கிக் கழுத்தின் மேல் வைப்பார். விரல் வழுக்கும், திரும்ப வைப்பார். இரண்டாவது விரல் கம்பியைத் தொட்டது. பிறகு அமுக்கியது. முதல் விரல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் தானும் நிமிர்ந்தது. மற்ற இரண்டும் இன்னும் முறுக்கிக்கொண்டு நின்றன. ஏட்டில் இப்போது "அழுத்தினார், ஏழு முறை" என்றெல்லாம் வரத் தொடங்கியது.

அப்போதுதான் விரல் டீச்சர் தேதியைப் பார்த்தாள். கண்டக் குழு வருகிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வந்தால் கிதாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே! புதிது எப்போது வருமோ. அதற்குள் நாற்பத்திரண்டு நாள் ஓடிவிட்டால், நிமிர்ந்த இரண்டு விரலும் திரும்பப் படுத்துக்கொள்ளுமே! நாலாவது மாடிக்கு ஓடினாள்.

"சார், எனக்குப் புதுக் கிதார் வேண்டாம். பழசே போதும். அந்தப் படிவத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"வேண்டாம்னு சொல்றதுக்குப் படிவம் இல்லையேம்மா" என்றார் கொள்முதல் அதிகாரி, நிஜமான வருத்தத்தோடு. "இங்க யாருக்கும் எதுவும் கிடைச்சதில்லை பாருங்க, அதனால வேண்டாம்னு யாரும் சொன்னதில்லை."

"அது நல்லா வேலை செய்யுது சார்!"

"மெதுவாப் பேசுங்கம்மா. கெட்டுப்போனதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? வேலை செய்யுதுன்னா அது பொய்த் தகவல். உங்க மேல விசாரணை. பொருளும் சாட்சியம்னு பெட்டிக்குள்ள போயிடும். கண்டமானா கிடங்குக்குப் போகும். எது வசதின்னு நீங்களே பாருங்க."

இருபத்தெட்டாம் நாள் குழு வந்தது. தலைவர் நிர்வாக அதிகாரி. அவர் நடந்து வந்தால் இரண்டு பேர் பின்னால் நடக்க வேண்டும், அதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கொள்முதல் அதிகாரி. இன்னொருவர் கருவி நிபுணர், அதாவது ரத்த அழுத்தம் பார்க்கிற கருவிகளைப் பழுது பார்ப்பவர்.

நிபுணர் கிதாரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார். ஸ்டெதஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்துக் கேட்டார். நடுவில் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள காலியா இருக்கு சார்."

"எழுதிக்கோங்க" என்றார் தலைவர். "உள்ளே ஒன்றும் இல்லை. எவ்வளவு நாளா இப்படி?"

"வரும்போதே இப்படித்தான் போல சார்."

"சரி, இயக்கிப் பார்க்கணும். யாருக்கு வாசிக்கத் தெரியும்?"

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். இப்போது நன்றாக வாசித்தால் இந்தக் கிதார் கையில் நிற்கும். டீச்சருக்கு வரும் விசாரணையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மனைவி பையிலிருந்த துணியை எடுத்து அவருடைய நெற்றி வேர்வையைத் துடைத்தாள். அவர் இடது கையைக் கழுத்தின் மேல் ஏற்றினார். முதல் விரல் வைத்தார். இரண்டாவது வைத்தார். மூன்றாவது விரலைப் பார்த்து உதட்டைக் கடித்தார். அது நடுங்கியது, அரை அங்குலம் நகர்ந்தது, கம்பியின் மேல் விழுந்தது.

வலது கையால் மீட்டினார்.

ஒரு கம்பி கரகரத்தது. ஒன்று 'தொப்' என்றது. ஒன்று பேசவே இல்லை. நாலாவது மட்டும், மூன்றாவது விரலுக்கு அடியில் இருந்தது, மணி மாதிரி சுத்தமாக ஒலித்தது.

"மூணாவது!" என்று கத்தினாள் மனைவி. "டீச்சரம்மா, மூணாவது வந்துடுச்சு!" டீச்சர் விசாரணையை மறந்தாள், வேலையை மறந்தாள், டிரைவரின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். டிரைவர் சின்னப் பிள்ளை மாதிரி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் காதிலிருந்து கையை எடுத்தார்.

"இவ்வளவு மோசமா நான் எதிர்பார்க்கலை. ஒரு விஷயம் தெளிவாகணும். சத்தம் கெட்டது கருவியாலயா, கையாலயா? ரெக்கார்டை எடுங்க."

கொள்முதல் அதிகாரி டிரைவரின் தாளை எடுத்து வாசித்தார். "இருபத்தெட்டாம் நாள். முன்னேற்றம் திருப்தி. எண்பது சதவீதம்."

"யாரு எழுதினது?"

"அச்சடிச்சே வருது சார். இருபத்தெட்டாம் நாள்னா எண்பது. நாற்பத்திரண்டுன்னா நூறு."

"பார்த்தீங்களா?" தலைவர் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பேசுவதற்கு நின்றுவிட்டால் அவருக்குத் தொண்டை தானாகக் கனிந்துவிடும். "கை நல்லா இருக்கு. நம்ம சிகிச்சையில கை கெட்டுப் போக வழியே இல்லை. இந்தக் கருவி நல்லா இருக்குன்னு எழுதினா, இந்தச் சத்தத்துக்குக் கைதான் காரணம்னு ஆகும். கைதான் காரணம்னா தாள் தப்பு. தாள் தப்புன்னா இதுவரைக்கும் வீட்டுக்கு அனுப்பின அத்தனை பேரோட நூறு சதவீதமும் என்ன ஆகறது? ஒரு கிதாருக்காக அத்தனை பேரைத் திரும்ப நோயாளி ஆக்கச் சொல்றீங்களா? மனிதாபிமானம் வேணாமா?"

"ஐயா, கை என்னுது. இன்னும் பாதிதான் வந்திருக்கு. எனக்குத் தெரியாதா?" என்றார் டிரைவர்.

"உங்களுக்கு வலி தெரியும். நிலவரம் எங்களுக்குத்தான் தெரியும்."

மூன்று கையெழுத்தும் விழுந்தன. "கருவி முற்றிலும் பயனற்றது. நோயாளியின் கை குறையற்றது." கிதாரின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டினார்கள். டிரைவரின் மடியிலிருந்து அதை எடுக்கும்போது மூன்றாவது விரல் கம்பியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அதை விலகச் சொல்ல அவருக்கு இன்னும் பழகவில்லை.

டிரைவர் அதற்கப்புறம் இரண்டு நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பழகினார்.

"சுருதி சரியில்லை" என்றார்.

"இருபத்தேழு வருஷமா இதே சுருதிதான். இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பத்து மூன்றாம் நாள் கிடங்குக்காரர் வார்டு வழியாகப் போகிறவர் போலப் போனார். கட்டிலருகே நின்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"கண்டமான பொருளை எல்லாம் இன்னும் மூணு நாள்ல ஏலம் விடறோம். ஊழியர் யாரும் கேக்கக் கூடாது. வெளியாள் யாரும் கேக்கலாம். செருப்பு தைக்கிறவங்க கேக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. படிச்சுப் பார்த்துட்டேன்."

ஏலம் பின்கட்டில் நடந்தது. கிதாரைத் தனியாகத் தர மாட்டார்கள். ஏழாம் எண் குவியல்: கால் இல்லாத மரச்சாமான் ஒன்று, ஓட்டையான மலப்பாத்திரம் பதினொன்று, முள் ஓடாத எடைக் கருவி ஒன்று, ஒரு சக்கரமுள்ள சக்கர நாற்காலி ஒன்று. வந்திருந்தது இரண்டே பேர். டிரைவரின் மனைவி, பழைய சாமான் கடைக்காரர்.

கடைக்காரர் கிதாரைப் பார்த்ததும் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"இது நான் வித்ததாச்சே! அப்ப ஒரு கம்பிதானே இருந்துச்சு, அதையும் புடுங்கிட்டுப் போனாங்க. இங்க வந்து நாலு முளைச்சிருக்கு! என்னம்மா ஆஸ்பத்திரி இது, நல்லதெல்லாம் கண்டம் பண்றாங்க?"

"அண்ணே, நீங்க பாத்திரத்தை எடுத்துக்கங்க. எடைக் கருவி, நாற்காலி எல்லாம் எடுத்துக்கங்க. என் வீட்டுக்காரருக்கு மூணு விரல் வந்திருக்கு. நாலாவது அதுக்குள்ளதான் இருக்கு. போட்டிக்குக் கேக்காதீங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏலம் விடுகிறவர் மூன்று தரம் சொல்லி முடிக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஜோடி செருப்புக்கு அடி ஒட்டுகிற காசுக்கு ஏழாம் குவியல் அவளுடையதாயிற்று.

ஆனால் ஏலத்தில் போன பொருள் ஒரு மணி நேரத்துக்குள் வளாகத்தை விட்டு வெளியே போக வேண்டும், திரும்ப உள்ளே வரக் கூடாது. வாசல் காவலர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் கிதாரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேலே ஜன்னலைப் பார்த்து விஷயத்தைக் கத்தினாள்.

டிரைவர் சட்டையை மாட்டினார். பொத்தான்களை டீச்சர்தான் போட்டுவிட வேண்டியிருந்தது.

"இன்னும் ஆறு நாள் இருக்குண்ணே. இப்பப் போனா தாள்ல நூறு வராது" என்றாள் டீச்சர்.

"அந்த நூறைத் தாளே வெச்சுக்கட்டும். அது உள்ள வரக் கூடாது, அவ்வளவுதானே? நான் வெளிய போகக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே? பயிற்சி என்னன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர், நான் கடையில உட்கார்ந்து பண்றேன்."

அப்படியே செய்தார். காலிக் கட்டிலில் தொங்கிய அவருடைய தாள் மட்டும் நாற்பத்திரண்டாம் நாள் வரை இருந்து நூறு வாங்கிக்கொண்டது. செருப்புக் கடையில், தைக்கக் கிடக்கிற செருப்புகளுக்கு நடுவே, நெஞ்சில் வெள்ளை எண் போட்ட கிதாரோடு உட்கார்ந்தார். டீச்சர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். செருப்பை நடந்துகொண்டே அறுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியாது, ஆனால் அந்த மாதங்களில் அவள் செருப்பு அடிக்கடி அறுந்தது.

எட்டு மாதம் கழித்துப் புதுக் கிதார் வந்தது. மரச்சாமானுக்குக் கிலோ கணக்கில்தான் விலை ஒப்பிடுவார்கள், கிலோவுக்கு எது மலிவோ அது. அதனால் உள்ளதிலேயே கனமான கிதாரைத் தேடிப் பிடித்திருந்தார்கள். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். யாராவது தொட்டால் கெட்டுப்போகும், கெட்டுப்போனால் கண்டக் குழு கூட வேண்டும் என்பதால், அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி தலைவரிடம். திறப்பு விழாவுக்குப் பயனாளி ஒருவர் வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

மாலை போட்ட அலமாரிக்கு முன்னால் தலைவர் பேசினார். "இதோ நிற்கிறாரே, இவருடைய விரல்கள் திரும்பி வந்ததற்கு யார் காரணம்? இந்தக் கருவி. காலையில் வந்திறங்கிய இந்தக் கருவி! இவ்வளவு வேகமான சிகிச்சை வேறு எங்கேயாவது உண்டா?"

கை தட்டினார்கள். போட்டோக்காரர் முன்னால் வந்தார். "ரெண்டு பேரும் கை குடுங்க சார். வலது கை வேண்டாம், அலமாரியை மறைக்குது. இடது கை குடுங்க."

தலைவர் இடது கையை நீட்டினார். டிரைவர் தன் இடது கையை அதன் மேல் வைத்தார்.

"அப்படியே பிடிங்க" என்றார் போட்டோக்காரர்.

டிரைவர் பிடித்தார். முதல் விரலை வைத்து அழுத்தினார். தலைவர் "ஆ" என்றார். இரண்டாவதை வைத்தார். இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று சத்தம். மூன்றாவது விரலுக்கு அதற்கும் மேலே. ஒவ்வொன்றும் தெளிவாக, தனித்தனியாக, கரகரப்பில்லாமல். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. மனைவி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நாலாவதுக்காகக் காத்திருந்தாள். அந்தச் சுண்டு விரல் எட்டு மாதமாகச் சண்டித்தனம் செய்த விரல். மெதுவாக இறங்கியது, இடம் பார்த்தது, அழுத்தியது.

தலைவர் எழுப்பிய நாலாவது சத்தம் இரண்டு மாடிக் காகிதங்களுக்கும் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார் டிரைவர், கையை விடாமல். "தாள்ல நூறுன்னு போட்டிருக்கீங்களே, சரியா இருக்கான்னு பார்த்தேன்."

விழாவுக்கென்று அலமாரி மேல் வைத்திருந்த அவருடைய தாளை விரல் டீச்சர் எடுத்தாள். அச்சடித்திருந்த நூற்றை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதினாள்: "நாலு விரலும் வேலை செய்கின்றன. நேரில் கேட்டேன்." அதற்காக அவளுக்கு மெமோ வந்தது என்பது வேறு கதை. அதை அவள் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாளாம்.

அவ்வளவுதான், என் தங்கங்களே. எழுந்திருக்கும்போது கால் மரத்திருந்தால் மெதுவாக உதறிவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கையும் பிடிக்க நினைத்ததைப் பிடிக்கட்டும், விட நினைத்ததை விடட்டும். உங்கள் வீட்டில் உடைந்தது எதுவானாலும், அதை மடியில் போட்டு ஒட்டிப் பார்க்க ஓர் ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நல்லது உங்கள் கதவைத் தட்டும்போது, எந்தக் கட்டமும் நிரப்பச் சொல்லாமல் நேரே உள்ளே வந்து உட்காரட்டும்.